எட்டுப்பத்துக் குழம்பு

அந்தக் குழம்புக்குப் பெயர் வைத்தது நான் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எட்டு பத்துக்கு வரும். அதை விட்டால் அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. அதில் ஏறினால் கோர்ட்டு வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை. முப்பத்துநாலு வருஷத்தில் சிவப்பு மை பட்டது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நான் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த முதல் நாள்.

அந்த பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் பன்னிரண்டு நிமிஷத்தில் வைக்கும் குழம்புக்குத்தான் வீட்டில் எட்டுப்பத்துக் குழம்பு என்று பெயர். என் மகள் வைத்ததா, மகன் வைத்ததா என்பதில் இருவருக்கும் இன்றும் தகராறு உண்டு. என்னைப் பொறுத்தவரை அது ஒரு குற்றப்பத்திரிகை. குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வந்து சாப்பிடுவார்கள். நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்த என் கணவர் பரிமாறுவார். மூன்று பேரும் வழித்துத் தின்று முடித்த பிறகு சாயங்காலம் நான் வருவேன். மத்தியானம் எனக்குக் கோர்ட்டில் தயிர்ச் சோறு. ஆக, அந்தக் குழம்பை வைத்தேனே தவிர, ஒருநாளும் நான் சாப்பிட்டதில்லை.

சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். கோர்ட்டு அலுவலகம் முழுவதற்கும் தலைமை எழுத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனு எந்த மேஜையில் பிறந்து எந்த அலமாரியில் சாகும் என்பது வரை எனக்குத் தெரியும். ஓய்வு என்பது உண்மையில் இடமாறுதல் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. அடுப்படிக்கு மாற்றியிருந்தார்கள். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.

கணவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆறு மணிக்குக் காபி, எட்டுக்குப் பலகாரம், பதினொன்றுக்குக் காபி, ஒன்றுக்குச் சோறு, நாலுக்குக் காபி, ஏழரைக்கு மறுபடி பலகாரம். சாப்பாடு என்பது தீர்ப்பே வராத வழக்கு. காலையில் முடித்தால் மதியத்துக்கு வாய்தா, மதியம் முடித்தால் ராத்திரிக்கு. அவர் கெட்டவர் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். ஆனால் "இன்னைக்கு என்ன?" என்று அவர் கேட்கும்போது, அடுப்படி ஜன்னலின் கம்பிகளை எண்ணுவேன். ஒன்பது. ஒவ்வொரு நாளும் ஒன்பதுதான்.

இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு ஒரு கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இலவச சட்ட உதவி மையத்தில் வாரம் இரண்டு நாள், புதனும் வெள்ளியும், வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சம்மதமா இல்லையா என்பதைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில், நேரில் தர வேண்டும். தராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை. கண் கலங்கியது.

அந்த வாரம் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டுச்சோறோடு வேனில் போவது வழக்கம். மலையேறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்கி, அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் தூக்குவாளிகளைத் திறந்தோம். கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், சேத்தூரிலிருந்து வந்த, கொழுந்தன் மனைவியான என் ஓர்ப்படியாள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, நான்.

ஓர்ப்படியாள் ஒரு டப்பாவை நீட்டினாள். நசுக்கிய சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கெட்டித் தயிரில் கிடந்தன.

"இதுக்கு எங்க வீட்ல கரண்டு போன துவையல்னு பேருக்கா. மிக்ஸி ஓடாத அன்னைக்கு மத்துக்கட்டையால நசுக்குனது. இப்ப கரண்டு இருந்தாலும் இவுக, 'ஏட்டி, செத்த நேரம் மெயின அமத்திட்டு அதச் செய்யி'ங்காக."

தெலுங்குக்காரம்மா சிரித்தார். "எங்க வீட்ல அலக பப்புன்னு ஒரு பருப்பு இருக்கு வதினா. அலகன்னா கோவிச்சுக்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிறது. எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டா பேச மாட்டாரு, சாப்பிடவும் மாட்டாரு. மாங்கா போட்டுப் பருப்பு வச்சு நெய்யத் தாளிச்சு வாசப்பக்கம் கதவத் தொறந்து வச்சிருவேன். வாசன போயி அவரக் கூட்டிட்டு வந்துரும்."

"அடிக்கடி வைப்பீகளோ?" என்றாள் ஓர்ப்படியாள்.

"வாரம் ரெண்டு தடவ. பருப்பு நல்லா இருக்குன்னு வேணும்னே கோவிச்சுக்கிடுதாரு."

நாத்தனார் புளியோதரை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எங்க தம்பி வீட்லயும் ஒண்ணு இருக்கே, பேருவாங்குன கொழம்பு. எட்டுப்பத்துக் கொழம்பு! உலகத்துலயே பஸ்சு டைமுக்கு வச்ச கொழம்பு அது ஒண்ணுதான். வெங்காயத்துல தோலு, பூண்டுல தோலு. என் தம்பியும் பிள்ளைகளும் அதத் தின்னே வளந்துச்சுக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கோர்ட்டில் பழகிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

நாத்தனார் மெல்லுவதை நிறுத்தினார். "எம்புட்டு நாளைக்கு?"

"வாரம் ரெண்டு நாளு மதினி."

"நல்லாருக்குட்டி. மசக்கைல வாந்தி எடுத்துட்டு வர்ற மக கெடக்கட்டும்னு பையத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போவியாக்கும்? முப்பது வருசம் பஸ்சுக்கு வச்சது காணாதா? இப்பவாச்சும் ஒக்காந்து, ஒரு கொழம்ப ஒழுங்கா வைக்கப் பாரு."

மூன்று மாதக் கர்ப்பமாக இருந்த என் மகள் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நாத்தனார் சொன்னதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை.

மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். இட்லியின் வாசனை ஆகவில்லை. ரசம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மாதுளம்பழம் மட்டும் தங்கியது. ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவள் சொன்னாள்:

"அம்மா, எட்டுப்பத்துக் கொழம்பு வையேன். அது மட்டும் எறங்கும்னு தோணுது."

வைத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக வைத்தேன். இருபது நிமிஷம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், பூண்டு உரித்தேன், மசாலாவை வறுத்து அரைத்தேன். புளி பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் பிரிந்து, அடுத்த வீட்டுக்கு மணந்தது. நாத்தனார் பார்த்திருந்தால் முப்பது வருஷத்துப் பழைய பாக்கியை அன்றே தள்ளுபடி செய்திருப்பார்.

மகள் ஒரு வாய் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லம்மா." பிறகு குளியலறைக்கு ஓடினாள்.

மறுநாள் தோலோடு போட்டேன். "இல்லம்மா." அதற்கு மறுநாள் கடைப் பொடி. "கிட்டத்துல வருது, ஆனா இல்ல." நான் சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கினேன். குழம்பு கெட்டியா, நீர்த்ததா? "நடுவாந்திரமா இருக்கும்" என்றாள் மகள். "கெட்டி" என்றார் கணவர். நிறம்? "கறுப்பு" என்றார். "செவப்பும்மா" என்றாள். இப்படி இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு எந்த வழக்கும் நிற்காது. வைத்தவளே சொல்லலாமே என்றால், வைத்தவள் ருசி பார்த்ததில்லை. உப்பு பார்க்கக்கூட நேரமில்லாமல் உள்ளங்கை அளவில் போட்டவள். மகன் சென்னையிலிருந்து போனில், "அதெல்லாம் இப்ப வராதும்மா" என்றான், இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல.

பத்து நாளில் எட்டுச் சட்டி குழம்பு வைத்தேன். காலை ஏழுக்கு அடுப்படிக்குள் போனால் ஒரு மணிக்குத்தான் வெளியே. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறப்பேன், கிளறுவேன், நக்கிப் பார்ப்பேன், எதையாவது கூட்டுவேன். தெருமுனையில் எட்டு பத்து பஸ்ஸின் ஹாரன் கேட்கும்போது கை தானாக ஒரு நொடி நிற்கும். பிறகு கிளறும்.

கடிதம் வந்த பதினான்காம் நாள் மறுப்பை எழுதினேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற மூன்று வார்த்தைகளை எத்தனை பெண்களின் மனுக்களில் பார்த்து, படிக்காமலே சீல் குத்தியிருப்பேன். இப்போது என் கையெழுத்தில் அவை நன்றாகவே இருந்தன. மறுப்பையும் நேரில்தான் தர வேண்டும். சும்மா இருந்தாலும் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்தான்; ஆனால் பதில் வராத கடிதத்துக்கு ஆபீசில் என்ன கதி என்று தெரிந்தவள் நான்.

கடைசி நாள் காலை. மகள் ராத்திரி முழுக்கப் புரண்டதால் நானும் எழத் தாமதமாகிவிட்டது. மணி ஏழு ஐம்பத்தெட்டு. போய்விட்டு வர மதியம் தாண்டும். அவளுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். மண்சட்டியைப் போட்டேன். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம். வெங்காயத்தையும் பூண்டையும் டம்ளர் அடியால் இரண்டு தட்டு, வந்த தோல் வந்தது. பொடி, முந்தின நாள் ஊறப்போட்ட புளி, உள்ளங்கை உப்பு. கெட்டியாக்க நேரமில்லை, இட்லிப் பொடியில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். ஒரு கொதி. அடுப்பை அணைத்து மூடினேன். பின்வாசலில் பூனை நின்றது. மூடியின் மேல் இடிகல்லைத் தூக்கி வைத்தேன். சேலையை உதறிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸின் பின்படிக்கட்டில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. கைகளுக்குத் தெரிந்ததைக் கைகள் செய்திருந்தன.

மையத்தில் அதிகாரி வரவில்லை. "ஒக்காருங்கம்மா, வந்துருவாக" என்றார் உதவியாளர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். நன்றாக இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் முதியோர் பென்ஷன் மனுவைத் தப்பான ஆளுக்கு எழுதி வைத்திருந்தார். திருத்திக் கொடுத்தேன். அவருக்கு அடுத்தவர் தன்னுடையதையும் நீட்டினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மகள் போன் செய்தாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"வரிசைல இருக்கேன். ஏன், வாந்தியா?"

"இல்லம்மா. இன்னைக்குக் கொழம்புல என்ன போட்ட?"

"இட்லிப் பொடி போட்டேன். பிடிக்கலன்னா மாதுளம்பழம் உரிச்சு..."

"ரெண்டாந்தடவையும் சோறு போட்டுக்கிட்டேன்ம்மா. அதேதான். கொஞ்சங்கூட மாறல. அப்பா சட்டிக்குள்ளயே சோத்தப் போட்டுப் பெரட்டுதாக." சாப்பிட்டுக்கொண்டேதான் பேசினாள். "நாளைக்கும் இதையே வச்சிரும்மா."

"நாளைக்கு நான் வீட்லதான இருப்பேன்."

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது.

"அப்பக் கொழம்பு இப்படி வராதேம்மா."

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஒரே கொதியில் அணைத்த மண்சட்டி, தன் சூட்டிலேயே நாலு மணி நேரம் உள்ளுக்குள் வெந்திருக்கிறது. இடிகல் ஆவியை வெளியே விடவில்லை. தோலோடு கிடந்த பூண்டு மெல்லக் குழைந்து, இட்லிப் பொடி ஊறி, புளி தணிந்து, பன்னிரண்டரைக்குத் திறக்கும்போதுதான் குழம்பாகியிருக்கிறது. பத்து நாளாக நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டில் இருந்தால் அந்தச் சட்டியை அவ்வளவு நேரம் மூடிக் கிடக்க விட மாட்டேன்.

அதிகாரி ஒன்றேகாலுக்கு வந்தார். பையில் இருந்த கடிதத்தை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, சம்மதம் என்று எழுதினேன். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் பேப்பரை மடித்து வைத்தார். வழக்கு வரும் என்று நின்றேன்.

"புதன், வெள்ளி மட்டுந்தானா?" என்றார். "திங்கக்கெழமைக்கும் கேட்டுப் பாரேன்."

நாத்தனாரிடம் அன்றே போனில் சொன்னது அவர்தான்: "மக சாப்புடுதாக்கா. இவ போனாத்தான் சாப்புடுதா." அதற்கு அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

இப்போது புதனும் வெள்ளியும் எட்டு பத்துக்கு ஏறுகிறேன். மகளுக்கு ஐந்தாம் மாதம்; எல்லாம் சாப்பிடுகிறாள், ஆனால் அந்த இரண்டு நாளும் அதுதான் வேண்டும். போன வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை. திரும்பி வீட்டுக்குள் வந்தேன். கணவரும் மகளும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சட்டியைப் பார்த்தார்கள். நான் ஒன்பதே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க மறுபடி தெருமுனைக்குப் போய் நின்றேன். குழம்பு வைக்காமல் எனக்கு வெளியே போக வழியில்லை. வைத்துவிட்டால் உள்ளே இருக்க வழியில்லை.

அன்று எனக்கும் அந்தக் குழம்பில் ஒரு வாய் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பார்த்தேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தார்கள், நான் தேய்ப்பதற்கு.