அம்மா தைத்த ஸ்பேனர் பை

அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் தொலைந்துபோன ஸ்பேனர்களைத் தேடிச் சேர்க்கிறேன். இன்று வந்த பார்சலைப் பிரித்ததும், ஸ்பேனர்களைச் சுற்றியிருந்த புதுக் கித்தான் துணியின் வாசனை வந்தது. அம்மா தைத்த பை ஞாபகம் வந்தது.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது அந்தக் காரை அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார்.

"ரெண்டு பேர் உக்கார்ற வண்டி நமக்கு எதுக்குங்க?" என்று கேட்ட அம்மா அதில் ஏறவே இல்லை.

ஒரு மழை நாளில் தங்கைக்கு ஜுரம் ஜாஸ்தியாகி வலிப்பு வந்தது. வேறு வழியில்லாமல் அவளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா காரில் ஏறினாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டயர் பஞ்சர். டிக்கியில் இறைந்து கிடந்த சாமான்களுக்குள் வீல் ஸ்பேனர் அப்பாவின் கைக்குச் சிக்கவில்லை. அம்மாதான் நனைந்துகொண்டே துழாவி எடுத்தாள்.

தங்கை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். மறுநாளே அம்மா கித்தான் வாங்கிவரச் சொல்லித் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஸ்பேனரையும் துணிமேல் வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து, தனித்தனி அறையாகத் தைத்தாள். ஓரத்தில் ஓர் அறை மட்டும் அகலமாக இருந்தது.

"இது எந்த ஸ்பேனருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"பாப்பா மருந்துக்குங்க. அதையும் தேடிட்டு நிக்கக் கூடாது."

அப்பா உள்ளே போய் மருந்து பாட்டிலை எடுத்துவந்தார். அந்த அறையில் அது சரியாக நிற்கிறதா என்று வைத்துப் பார்த்தார்.