தவிட்டுக்கு வாங்கிய குழந்தையின் எடை

அறுபத்தேழாம் வருடம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள், எல்லையோர ஊரான எங்கள் ஜூஜுவாடியில் என் அண்ணனுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. முந்தைய இரண்டும் தொட்டிலைத் தாண்டவில்லை. ஒன்று தவக்காலத்தில் போனது, மற்றது அடுத்த வருட மழையில். அதனால் இந்தப் பெண் பிறந்தவுடனே அண்ணி அதை முறத்தில் கிடத்திப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரியிடம் கொடுத்தாள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெற்றால் போய்விடுகிறது, வாங்கியதாவது தங்கட்டும் என்ற கணக்கு. கோயிலில் ஒரு புனிதையின் பெயர் வைத்தோம். சாமியாருக்குத் தவிட்டு விவகாரம் தெரியாது. வீட்டில் ‘தவிட்டுக்காரி’ என்றுதான் கூப்பிட்டோம்.

அந்த வருடம் ஒரு மிஷன் மருந்தகத்திலிருந்து டாக்டர் ஒருவர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஜெபக்கூடத்துக் கொட்டகைக்கு வந்தார். கைக்குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சென்னைக்காரர். எங்கள் ஊர்த் தாய்மார்களில் பாதிப்பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் என்பதால், மூன்று பாஷையும் தெரிந்த என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

முதல் நாளே எனக்கு விளக்கிச் சொன்னார். “ஒரு குழந்தை ஒரு கிலோ ஏறினா, ஏறினது என்னன்னு தெரியணும்மா. கொழுப்பா, சதையா, வெறும் தண்ணியா? எடை மட்டும் பார்த்தா அது தெரியாது.” அதற்காக அவரிடம் ஒரு எஃகு இடுக்கி இருந்தது. குழந்தையின் மேல்கையிலும் தோள்பட்டைக்குக் கீழேயும் தோலை மடித்துப் பிடித்தால், மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று முள் காட்டும். தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு என்பதற்கு அது அடையாளம். குழந்தைகள் வீரிட்டன. தாய்மார்கள் அதற்குக் ‘கிள்ளி’ என்று பெயர் வைத்தார்கள்.

எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் ஒரு டின் பால்பவுடர் கொடுப்பார். வந்ததே கொஞ்சம் டின்தான்.

பிப்ரவரியில் அண்ணியின் முறை வந்தபோது, தராசுத் தட்டைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“இவளத் தட்டுல வெக்க முடியாதுங்க.”

“ஏம்மா, எல்லாரும் வெக்கிறாங்களே.”

“அவங்க பெத்தவங்க. நான் வாங்கினவ. வாங்கினத மறுபடி தராசுல வெச்சா வித்ததா ஆயிடும்.”

வரிசையில் நின்ற ஒருத்தி, “அப்ப எங்களுக்கு எவ்ளோக்குத் தருவ?” என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள் வேறும் இருந்தன, எல்லோரையும் திருப்பியனுப்பினால் ஆராய்ச்சி நடக்காது. பெரியவர்கள் ஏறும் தராசில் தாயும் பிள்ளையும் சேர்ந்து நிற்கட்டும், தாயின் எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். தாயின் எடை வேண்டுமே. தராசடியில் பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுக்கவும் அண்ணி சம்மதிக்கவில்லை, அதுவும் விற்பதுபோல்தான். கடைசியில் மறுநாள் குழந்தை தூங்கும்போது தனியாக மருந்தகத்துக்குப் போய் ஏறி நின்றுவிட்டு வந்தாள். வளர்ந்த பெண்ணின் எடை அப்படியொன்றும் மாறாது, ஒருமுறை போட்டால் போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். மாதாமாதம் அதையே கழித்தார்.

ஈஸ்டர் வரை குழந்தை கண்ணெதிரே வளர்ந்தது. முகம் பார்த்துச் சிரித்தது. மே மாதம் வெயிலில் அண்ணிக்குப் பால் குறைந்தது. லாரி ஷெட்டில் வேலை செய்த அண்ணன் சம்பள நாளில் பசும்பால் வாங்கினான், மற்ற நாளில் கேழ்வரகுக் கஞ்சித் தெளிவைப் புகட்டினோம். குழந்தை அழும், பிறகு அழுவதையும் குறைத்துக்கொண்டது. ஆனால் தராசில் எடை ஏறியது. ஜூனில் ஏறியது, ஜூலையில் இன்னும் நன்றாக ஏறியது.

இடுக்கி வேறு மாதிரி சொன்னது. மேல்கை மடிப்பு மாதாமாதம் மெலிந்தது. டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை மடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் கவலையைவிட ஆர்வம் அதிகம் இருந்தது. “கொழுப்பு குறையுது, எடை கூடுது. அப்ப கூடறது சதையும் எலும்பும்தான். இந்தப் பக்கத்துக் குழந்தைங்க உடம்பே வேற மாதிரி கட்டுது போல” என்று என்னிடம் சொன்னார். வந்த நாளிலிருந்து அவர் தேடிய விஷயம் அது.

அண்ணி டின் கேட்டாள்.

“ஏறாத குழந்தைக்குத்தாம்மா டின். உன் பொண்ணு நல்லா ஏறுது.”

“ஏறுதுன்னா எங்க ஏறுது டாக்டரே? போன மாசம் போட்ட சட்ட இந்த மாசம் தொளதொளன்னு இருக்குது.”

“எடை பொய் சொல்லாதும்மா.”

பின்னால் நின்றவள், “டின்னு கெடைச்சா டீக்கடை வெப்பா” என்றாள். அண்ணி திரும்பி, “வெச்சா உனக்குக் கடன் கெடையாது” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள்.

ஆகஸ்டில், பரலோக மாதா திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, டாக்டரோடு பிரசவம் பார்க்கும் சிஸ்டர் ஒருவர் முதல்முறையாக வந்தார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசில் ஏறினாள். சிஸ்டர் முள்ளைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். கீழே இறக்கி, கொசுவத்துக்கு மேலே கை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“நீ மறுபடி முழுகாம இருக்கம்மா. தெரியாதா உனக்கு?”

“பால் குடுக்கறதால தூரம் வரலைன்னு இருந்தேங்க” என்றாள் அண்ணி.

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. மாதாமாதம் ஏறியது குழந்தை அல்ல, வயிற்றில் இருந்தது. அதனால்தான் பாலும் வற்றியிருந்தது. அவர் குழந்தைத் தராசின் தட்டைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். “ஒரு தடவை மட்டும் வைம்மா” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரியைப் பார்த்தாள். அவளும் தன் பிள்ளையோடு வரிசையில் நின்றாள். “வெய்யி அக்கா. நம்ம மகு, நம்ம கொழந்ததானே? தட்டுலருந்து நானே எடுத்துக்கறேன். தவிடு கேக்கமாட்டேன்” என்றாள் அவள்.

அண்ணி வைத்தாள். குழந்தை அழவில்லை. ஈஸ்டருக்கு இருந்த எடைகூட இப்போது இல்லை.

டாக்டர் அன்று இருந்த டின்களையெல்லாம் கொடுத்தார். தானே ஜீப்பில் வைத்துக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். குழந்தை பாலைக் குடித்தது, குடித்தது வயிற்றில் நிற்கவில்லை. செப்டம்பரில் மாதா பிறந்த திருநாளுக்கு முன்பே கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழியாக வெட்டச் சொன்னோம். கன்னடக்காரி எங்கள் வீட்டில் அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி அன்று முழுவதும் அவளும் சாப்பிடவில்லை.

தெருவில் தராசுதான் கொண்டுபோனது என்றார்கள். டாக்டர், முதல் மாதமே தராசில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்து, வருடம் பிறந்த முதல் வாரம் பையன் பிறந்தான். இந்த முறை முறத்தை எடுக்க வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். சில நாள் கழித்து டாக்டர் வீட்டுக்கே வந்தார். ஒரு கையில் தராசு, மற்றொரு கையில் பையில் இரண்டு டின். வாசலில் நின்றுகொண்டு, “நிறுக்கலாமாம்மா?” என்று கேட்டார்.

“நிறுத்துக்கங்க. இவன நான் வாங்கல, பெத்தேன்” என்றாள் அண்ணி. துணியை விலக்கிப் பையனைக் கையில் எடுத்தாள். ஆனால் தட்டில் வைக்கவில்லை.

“மொதல்ல அந்த டின்னக் கீழ வைங்க டாக்டரே. அப்பறம் முள்ளு என்ன வேணா சொல்லட்டும்.”

அவர் டின்களைத் தரையில் வைத்தார். அண்ணி அவற்றைக் காலால் தன் பாய்க்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு, அதன் பிறகுதான் பையனைத் தட்டில் கிடத்தினாள்.