முதல் பாட்டுக்குப் போகிறவன்

செல்லையா போய்விட்டான்.

காலையில் பரளச்சியிலிருந்து அவன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, அப்பா போயிட்டாக..." அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன்.

மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் கபடி டீமில் கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஆளைத் தொடப் போகிறவர்கள் இரண்டே பேர். அவனும் நானும்.

முதல் பாட்டு எப்போதும் அவனுக்குத்தான். எதிர் டீம் ஆட்கள் ஏழு பேரும் களைப்பே இல்லாமல், எவன் காலை வாரலாம் என்று நிற்கிற நேரம் அது. எனக்கு அந்த முதல் பாட்டு என்றாலே உயிர் போகிற பயம். நடுக்கோட்டைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பல நேரம் ஒருத்தரையும் தொடாமல்தான் திரும்பி வருவான். வந்து என் தோளில் கை போட்டுக் காதில் சொல்லுவான். "எடது மூலைக்காரன் கணுக்காலப் புடிக்கான்லே. நடுவுல நிக்கிறவன் சும்மா சவுண்டுதான். பயப்படாமப் போ."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் நகரும். போய்த் தொட்டுவிட்டு வருவேன். கைதட்டல் எல்லாம் எனக்கு.

அப்புறம் மழை இல்லாத வருஷம் வந்தது. விதைத்த சோளம் முளையிலேயே கருகிவிட்டது. அம்மா ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது பிழைக்கப் போகலாம் என்று அப்பா பேச ஆரம்பித்தார்... செல்லையா வீட்டிலும் இதே கதைதான்.

அந்த நேரத்தில்தான் நரிக்குடி டோர்னமென்டில் அருப்புக்கோட்டை மில் கிளார்க் ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். மில் டீமுக்கு ஆள் எடுப்பவர். டீமில் இடம் கிடைத்தால் மில்லில் வேலை. ஆனால் இருந்தது ஒரு இடம்.

பாயிண்டை வைத்துப் பார்த்தால் நான்தான். செல்லையா பேரில் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. கிளார்க் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. செல்லையா இல்லாமல் நான் என்னத்தைப் பாட?

அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. "ஒரே டீமுல நிக்கிற வரைக்கும் எவன்கிட்ட சரக்கு இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு பேரையும் எதிரெதிரா விட்டுத்தான் பாக்கணும்" என்றார். மில் கிரவுண்டில் டிரையல்.

உத்தி பிரிக்கச் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது... சமமான இரண்டு பேர் ஜோடியாகத் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பேர் வைத்துக்கொண்டு வர வேண்டும். டீம் கேப்டன் பேரை மட்டும் கேட்டு ஒன்றைச் சொல்லுவார். அந்த ஆள் அவர் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். இதற்குப் பயந்தே ஊரில் நானும் அவனும் ஜோடி சேர மாட்டோம்.

வேப்ப மரத்துப் பக்கம் ஒதுங்கினோம். செல்லையாதான் பேர் வைத்தான்.

"ஏலே, நீ மழை. நான் வெயிலு. மில்லு கேப்டன் பக்கந்தான் பெரிய புடிக்காரனெல்லாம் நிக்கான். நீ அவுக பக்கமே போயிட்டா அவங்கள எதுத்துப் பாட வேண்டாம்லா."

"மழை வேணுமா, வெயிலு வேணுமா?" என்று கேட்டோம். அந்த வருஷத்தில் எவன் வெயிலைக் கேட்பான்? கேப்டன் வாய் முந்திக்கொண்டு "மழை" என்றார். கிரவுண்டே சிரித்தது.

டாஸை நாங்கள் மறந்துவிட்டோம். அதுவும் கேப்டனுக்கே விழுந்தது. "மழை, நீயே மொதல்ல போய்ப் பாடு" என்று என் முதுகில் தட்டினார்.

முதல் பாட்டு... காதில் சொல்ல ஆள் கிடையாது. சொல்கிறவன் எதிர்ப்பக்கம் வலது மூலையில் நிற்கிறான், என்னைப் பிடிக்க.

கோட்டைத் தாண்டினேன். வாய் கபடி கபடி என்கிறது, எனக்கே கேட்கவில்லை. மாட்டினால் வேலை போச்சு, ஊரும் போச்சு என்று மட்டும் மண்டைக்குள் ஓடுகிறது.

செல்லையா என்னைப் பார்த்தான். அவன் கண் மட்டும் இடது மூலைக்குப் போய்த் திரும்பியது. அங்கே போகாதே என்கிறான்.

இருப்பது ஒரு இடம். என்னைத் தன் பக்கம் இழுத்து அமுக்கத்தான் கண் காட்டுகிறானோ? அன்றைக்குப் பட்ட பயத்திலேயே பெரிய பயம் அதுதான்.

கண்ணை மூடாத குறையாக அவன் பக்கமே பாய்ந்தேன். அவன் விலகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அவன் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன்.

கிளார்க் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார். "எதிர் டீம்காரனுக்குக் கண்ணு காட்டுற... என்னடா இது?"

செல்லையா தலையைச் சொறிந்தான். "அவன் பயந்துருவான் சார். அவனையே எடுத்துக்கோங்க. மொத பாட்டுக்கு மட்டும் அனுப்பாதீக."

"அப்ப மொத பாட்டுக்கு யாருப்பா போறது?"

கேட்டுவிட்டுக் கிளார்க் விசிலைப் பையில் போட்டார். அந்த மனுஷன் உள்ளே போய் யாரிடம் என்ன பேசினாரோ... அடுத்த மாதம் இரண்டு பேருமே, லீவு போடுகிறவர்களுக்குப் பதிலாக நிற்கிற பதிலி ஆட்களாக மில்லுக்குள் போனோம். நிரந்தரமாகி, ரிட்டயரும் ஆனோம்.

கடைசி வரைக்கும் அப்படித்தான். கண் ஆபரேஷனுக்குக்கூட அவன்தான் முதலில் உள்ளே போனான். கட்டோடு வெளியே வந்து, "எறும்பு கடிச்ச மாதிரிதாம்லே. போ" என்றான். அதற்குப் பிறகுதான் நான் போய்ப் படுத்தேன்.

பரளச்சி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

செல்லையா... இந்தத் தடவையும் நீயே முதலில் போய்விட்டாய். அடுத்தது நான். ரொம்பப் பயமாக இருக்கிறது.

அங்க எப்படின்னு எனக்கு யாருலே வந்து சொல்லுவா?