வில்கின்ஸ் துரை கோலில் நின்ற கதை

பந்தாட்டக் குழுவுக்குக் கேப்டன் என்றால் மாலை மரியாதை கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள், இங்கிலீஷ் மட்டும் தெரிந்த மேனேஜருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த பத்துப் பேருக்கும் நடுவில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், விழுப்புரம் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்த நான் அந்தப் பாடெல்லாம் பட்டேன். உங்களில் யாராவது பட்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பந்து உதைக்கச் சம்பளம்

வில்கின்ஸ் துரை எங்கள் ஷெட்டுக்குப் போர்மேனாக வந்தவர். வாலிபத்தில் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊரில் வாரச் சம்பளத்துக்குப் பந்து ஆடியிருக்கிறார். முட்டி போனதும் ஒரு சின்னக் குழுவுக்கு மேனேஜர் ஆனார். அந்தக் குழு கலைந்ததும் கப்பல் ஏறிவிட்டார். வந்த வாரமே எங்கள் குழுவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையை நான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். கரி அள்ளுகிற முனுசாமிதான் எங்கள் கோல்கீப்பர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்: "பந்து ஒதைக்கறவனுக்கே சம்பளம்னா, அந்த ஊர்ல வேல செய்யறவனுக்கு என்னாதான்ணா குடுப்பாங்க?"

இடைவேளைப் பிரசங்கம்

ஒரு ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். துரை எங்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கத்தினார். எங்கள் ஒவ்வொருவரின் பிறப்பையும் தனித்தனியாக ஆராய்ந்தார். முடித்துவிட்டு, "சொல்லு" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அதை அப்படியே சொன்னால் பிற்பாதிக்கு ஆள் இருக்காது. "நல்லா ஆடுங்கன்னு சொல்றாரு" என்றேன்.

முனுசாமி துரையை ஏற இறங்கப் பார்த்தான். "இத்த சொல்றதுக்கா மூஞ்சி இம்மாஞ் செவந்துகினு நிக்கிறாரு?"

திண்டிவனத்து ஆட்டம்

எங்கள் மைதானத்தில் கரி கொட்டிவைக்க மேலிடத்துக்கு ரொம்ப நாளாக ஆசை. திண்டிவனத்தில் நடக்கிற இறுதி ஆட்டத்தில் கோப்பை வாங்கினால் மைதானம் உங்களுக்கு, இல்லையென்றால் கரிக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் கிளியனூரிலிருந்து முனுசாமியின் மச்சான் சைக்கிளில் வந்து நின்றான். பிரசவத்துக்குப் போயிருந்த முனுசாமியின் பெண்சாதிக்கு நேற்றிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் மருத்துவச்சி. முனுசாமி மைதானத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "ஆடிட்டே போறேன்" என்றான்.

நான் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அவர் ஆடின காலத்தில் ஒருநாள் அவர் மனைவிக்கும் இதே நிலைமை, மேனேஜர் விடவில்லை. ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இதை என்னிடம் சொல்லிவிட்டு, முனுசாமியைத் தானே பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ச் சைக்கிளில் உட்காரவைத்தார்.

பிறகு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தாங்கித் தாங்கி நடந்துபோய்க் கோலில் நின்றார். திண்டிவனத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஐந்து கோல் அடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் துரை தப்பாமல் விழுந்தார். பந்து போன பிறகு விழுந்தார். மைதானத்தில் மறுவாரமே கரி கொட்டினார்கள். அப்புறம் கோடையில் ஏரி வற்றினால் அந்தத் தரையில்தான் எங்களுக்கு ஆட்டம்.

முனுசாமி மூன்றாம் நாள் வேலைக்கு வந்தான். "அஞ்சு உள்ள போச்சாமே. நம்ம வூட்ல ஒண்ணு நல்லபடியா வெளிய வந்துருச்சி, பொண்ணு. தொரைகிட்ட சொல்லுங்கண்ணா."

பிளாட்பாரத்தில்

உலகச் சண்டை முடிந்த பிறகு துரை ஊருக்குக் கிளம்பினார். இத்தனை வருஷத்தில் அவர் கற்ற தமிழ் 'ஜல்தி', 'வேணாம்' என்ற இரண்டு வார்த்தைதான். ஜல்தி தமிழே இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முனுசாமி வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு துணியில் முடிந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தான். துரை அதை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். துரை தலையை வெளியே நீட்டி அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "ஜல்தி வேணாம்."

அவர் மேனேஜராக இருந்தவரை நாங்கள் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை, ஆனாலும் அப்புறம் வந்து வரிசையாகக் கோப்பை வாங்கித் தந்த மேனேஜரின் பெயர் எங்களில் ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை.