மருந்துக்கடைக்கு முந்நூறு மீட்டர்

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடி வளாகத்துக்குள் நீச்சல்குளம் உண்டு, மருந்துக்கடை இல்லை. எட்டு மாதத்துக்கு முன் என் மனைவி மெர்சிக்கு இடது கண் பார்வை மங்கிப்போய், ஸ்கூட்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கே போவதென்றாலும் என் கார்தான். ஆப்பில் எல்லாம் வீட்டுக்கே வருமே என்பீர்கள். வரும். அவளால்தான் வெளியே போக முடியவில்லை. அதனால் போன சனிக்கிழமை மெஜஸ்டிக் பக்கம் ஒக்கலிபுரத்தில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனோம். அங்கே அவள் தனியாகப் போய்வர முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி.

மெட்ரோவில் போயிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை கிடையாது, காரை எடுத்தேன். இருபத்தாறு கிலோமீட்டர். 9.10க்குக் கிளம்பி 11.05க்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் நிறுத்த இடமில்லை. இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றிவிட்டேன். ஊரே அப்படித்தானே நிறுத்துகிறது.

முதல் மாடி, இரண்டு அறை. கார் நிறுத்த வழியில்லை என்றதுமே எனக்கு வீடு கசந்துவிட்டது. ஆனால் மருந்துக்கடை முந்நூறு மீட்டர், மாவு மில் அதற்கு எதிரே, சர்ச் ஆறு நிமிட நடை.

"கண்ணுக்கு சொட்டு மருந்து வாங்கிட்டு வரேன். நீங்க வராதீங்க" என்று மெர்சி இறங்கிப் போய்விட்டாள்.

பால்கனியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தவித்தேன். உடைந்த சிலாப், கேபிள் சுருள், டீக்கடை ஸ்டூல் என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவளோ எல்லாவற்றையும் காலால் தடவித் தாண்டினாள். திரும்பி வரும்போது வாசலுக்கு இருபதடி தள்ளி நின்றுவிட்டாள். முன்னால் என் கார். வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கினாள். வண்டிகள் வருவது அவளுடைய இடது பக்கம். டெம்போ ஒன்று போட்ட பிரேக் சத்தம் மாடிவரை கேட்டது. கீழே ஓடினேன்.

காய்கறி வண்டிக்கார அம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "யாரு வண்டி சார் இது? ஸ்வல்ப தள்ளி நிறுத்தக் கூடாதா? ஜனங்க எப்படி நடப்பாங்க?"

மெர்சிதான் சொன்னாள், "எங்க வண்டிதான்க்கா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வைட்ஃபீல்ட்ல நீங்க வரணும்னு காத்துட்டிருந்தேன். இங்க நீங்க வழி விட்டா போதும்."

இப்படி வீடு பார்க்கப் போகிறவர்கள் மெட்ரோவில் போங்கள். எங்கள் பக்கத்து ஸ்டேஷனான காடுகோடியிலிருந்து மெஜஸ்டிக் வரை ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுபது. மேப் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள். அங்கே யார் நடக்கப்போகிறாரோ அவரையே ஒருமுறை நடக்கச் சொல்லிப் பாருங்கள், மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரரிடம் சரி சொல்லிவிட்டோம். காரை விற்கப் போட்டிருக்கிறேன். இனி ஆபீஸுக்கு நான்தான் தினமும் மெட்ரோவில் அலைய வேண்டும், எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்த டெம்போவுக்கு பிரேக் பிடித்ததால்தான் இதை எரிச்சல் என்று எழுத முடிகிறது.