கண்டிக்குப் போகும் பொங்கல் சீர்

மார்கழி பிறந்துவிட்டால் இலுப்பூரில் சிவசாமிக்கு வேலை குறைந்துவிடும். கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது. பந்தல் போடுகிறவருக்கு அந்த மாதம் முழுக்கச் சாவு வீடுதான் சோறு போடும். இந்த மார்கழியில் இரும்புக் குழாய்களும் துணிச் சுருள்களும் கொட்டகையில் கிடக்க, அவர் ஒரு புதுப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் எடுத்த முதல் பாஸ்போர்ட்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் நிலவழகன், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் சிலரை இலங்கைக்கு அழைத்துப் போகிறான். திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து கண்டி. கண்டியில் புத்தருடைய பல்லை வைத்துக் கும்பிடுகிற தலதா மாளிகை. அதைப் பார்க்கத்தான் வாத்தியார்கள் போகிறார்கள். சிவசாமி தன் பெயரையும் மனைவி காத்தாயி பெயரையும் கொடுத்தது அதற்கில்லை. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருடைய அக்கா அழகி இருக்கிறாள்.

அக்காவும் தம்பியும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்தபோது, அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அழகியைக் கட்டிக்கொடுத்திருந்த வீட்டார் அங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார்கள். ரயில் ஏறுகிற அன்று ஆத்தா அழகியின் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அழுவாத தாயி. அங்கிட்டுப் போயி ஒரு நெலைக்கு வந்துட்டா, தைக்குத் தை ஒந்தம்பி சீரு கொண்டாருவான்."

பக்கத்தில் நின்ற பையன் சிவசாமி சரியென்று தலையாட்டினான்.

கப்பலில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் கொஞ்ச காலம். பிறகு இந்தப் பக்கம் முந்திரிக்காட்டு வேலை. பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சிலோன்' என்று பெயர். அது போகவே பாதி ஆயுசு பிடித்தது. அதற்குள் கப்பல் நின்றுபோனது, சண்டை வந்தது. ஆத்தா செத்ததற்கு அழகி வர முடியவில்லை. அழகியின் புருஷன் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை இவர்தான் கொண்டுபோய்ப் போர்த்தியிருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் இவர் பெயரைச் சொல்லிப் போட்டாராம்.

இடைப்பட்ட காலமெல்லாம் அவர் ஊரார் சீருக்குப் பந்தல் போட்டார். கொட்டுமேளத்தோடு தட்டுகள் வரிசையாக உள்ளே வரும்போது ஓரமாக நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

"மத்தவன் அக்கா தங்கச்சிக்கெல்லாம் நாந்தான் நெழலு" என்று காத்தாயியிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்த முறை விடுவதாக இல்லை. பயணம் பொங்கலுக்கு முந்தின வாரம். புதுக்கோட்டைக்குப் போய் வெண்கலப் பானை வாங்கினார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள், அக்காவுக்குச் சேலை என்று எல்லாம் சேர்ந்துவிட்டது.

"கரும்ப எப்படிண்ணே பிளைட்டுல ஏத்துறது?" என்றான் நிலவழகன். "கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிப்பீங்களா?"

"கண்டியில கரும்பு கிடைக்காதாக்கும். நீ வண்டிய மட்டும் அக்கா வீட்டுக்குத் திருப்பு."

"மலை மேல போகணும்ண்ணே. வாத்தியாருக பல்லக் காட்டுனாத்தான் ஆச்சுன்னு நிக்கிறாக."

"பல்ல அவுக பாக்கட்டும். நான் போயிட்டு வந்துர்றேன்."

நாலைந்து நாள் விடாமல் போய் உட்கார்ந்து, தனியாக ஒரு வண்டி பேச வைத்தார். கோயிலில் மற்றவர்கள் இறங்கியதும் இவரும் காத்தாயியும் மேலே போய் வருவதென்று முடிவானது.

போனில் பேசும்போதெல்லாம் அழகிதான் பிடி கொடுக்கவில்லை.

"அம்புட்டுத் தூரம் எதுக்கு ஏறி வாரீங்க? நானே கோயிலுக்கு வாரேன் தம்பி. எங்களுக்குத் தெரிஞ்ச எடந்தான்."

"கோயில் வாசல்ல வச்சு நீட்டுனா அது சீராக்கா? பிச்சை போடுற மாதிரில்ல இருக்கும்."

"ரோடு சரியில்லப்பா."

"நடந்து வாரேன்."

"சொன்னாக் கேளேன்டா." அதோடு வைத்துவிட்டாள்.

கார்த்திகையில் புயல் அடித்து அங்கே மலை சரிந்ததை டிவியில் பார்த்துப் பதறியவர்தான் அவர். சில நாள் லைனே கிடைக்கவில்லை. பிறகு பேசியபோது, "எங்களுக்கு ஒண்ணுமில்ல, கீழ லயத்து வீடுகளுக்குத்தான் சேதம்" என்றாள். அதற்கு முன்பெல்லாம் வீடியோவில் முகம் காட்டுவாள். இப்போது டவர் இல்லை என்று வெறுங்குரலில்தான் பேசுகிறாள். அதையெல்லாம் சிவசாமி யோசிக்கவில்லை. சீர் கொண்டு வராத தம்பி மேல் இத்தனை வருஷத்து வருத்தம், வாசலை மிதிக்க விடவில்லை என்றுதான் நினைத்தார்.

"நியாயந்தான். நான் என்ன செஞ்சேன் அவளுக்கு?" என்று காத்தாயியிடம் சொன்னார்.

மறுவாரம் மத்தியானம் ஒரு அழைப்பு வந்தது. அழகியின் பேத்தி தவறி வீடியோவை அழுத்திவிட்டாள் போலிருக்கிறது. அழகியின் முகம் தெரிந்தது, இளைத்து. அவளுக்குப் பின்னால் கரும்பலகை. பெஞ்சின் மேல் அடுக்கிய துணி மூட்டைகள். சுவரிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டி, அதில் இரண்டு சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய குழந்தையோ அழுதது. சாப்பாட்டுக்குத் தட்டோடு நின்ற வரிசையின் முனை தெரிந்தது. சட்டென்று கூரை தெரிந்தது, பிறகு படம் போய்விட்டது.

"பிள்ளை கை பட்டுருச்சு தம்பி. இங்கன பள்ளிக்கூடத்துல ஒரு விசேஷம். வந்திருக்கோம்."

"அப்படியா. நல்லதுக்கா."

போனை வைத்தார். மண்டபம் முகாமில் அப்படி ஒரு சேலைக்குப் பின்னால்தான் அவர் படுத்துத் தூங்கினார். பக்கத்துக் குடும்பம் இருமினால் இங்கே கேட்கும். அங்கிருந்துதான் ஆத்தா, தோட்டத்துக்குத் திரும்புகிற ஒருவரிடம், "வீடு குடுத்திருக்காக, சௌகரியமா இருக்கோம்னு எம்மககிட்டச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் நிலவழகனிடம் போனார்.

"மேல போற வண்டி வேணாம்ப்பா."

"என்னண்ணே வெளையாடுறீங்களா? டிரைவர்ட்டப் பேசி முடிச்சாச்சு."

"கோச்சுக்கிறாத. எல்லாரோடயும் கோயிலுக்கே போயிக்கிறோம்."

வீட்டுக்கு வந்து, கட்டி வைத்த பெட்டியைத் திறந்து பானையை எடுத்து வெளியே வைத்தார். காத்தாயி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"அத எதுக்கு எடுக்குறீங்க?"

"அவளுக்கு வீடில்ல, காத்தாயி. பள்ளிக்கூடத்துல கெடக்கா. அடுப்பில்லாதவளுக்குப் பானையக் குடுத்து என்ன செய்யச் சொல்றது?"

காத்தாயி உள்ளே போய்ப் பீரோவிலிருந்து இரண்டு கம்பளிகளை எடுத்து வந்தாள்.

"இத வைங்க. மலையில குளிரும்."

சிவசாமி அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வேண்டாமென்று தலையசைத்தார்.

"இதக் குடுத்தா நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னங்க? கூடப் பொறந்தவ."

"அதான். மத்தவனுக்குத் தெரிஞ்சா அவளுக்கு ஒண்ணுமில்ல."

பானை இருந்த இடம் பெட்டியில் பள்ளமாகக் கிடந்தது. காத்தாயி தனக்குப் பொங்கலுக்கென்று எடுத்த சேலையைக் கொண்டுவந்து அதில் வைத்து மூடினாள்.

மறுநாள் சிவசாமி அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னதுதான்க்கா சரி. டூர்க்காரன் கோயிலத் தாண்டி எங்கிட்டும் விட மாட்டானாம். எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்."



"விடுப்பா. அவனுக்கும் நேரங்காலம் இருக்கும்ல" என்றாள் அழகி. குரல் லேசாகியிருந்தது. "உள்ள போகையில செருப்பக் கழட்டணும். பூ விக்கிற எடத்துக்கிட்ட நிப்பேன். வெள்ளனே வந்துருவேன்."

"சரிக்கா."

"ஒனக்கு மனத்தாங்கல் ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன."

"அடுத்த தைக்கு வீட்டுக்கு வா தம்பி. ஒரு நாளு தங்குற மாதிரி வரணும். காத்தாயியையும் கூட்டிக்கிட்டு வா."

"வாரேன்க்கா."

போனை வைத்துவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற காத்தாயி மெதுவாகக் கேட்டாள்.

"என்ன சொன்னாக?"

"அடுத்த வருஷம் வீட்டுக்கு வரச் சொன்னா" என்றார் சிவசாமி.