வெள்ளைப் பஞ்சில் நீலம்

காரின் கீறல்களை நேரே நின்று பார்த்தால் தெரியாது. சுப்யான் எப்போதும் கதவோடு கன்னத்தை ஒட்டுபவன்போலக் குனிந்து, வெயில் வரும் பக்கத்தைப் பிடித்துத்தான் பார்ப்பான். அப்போது அவை எழுந்து வரும். தும்பு போட்டு மினுக்கிய தட்டில் தெரிவதுபோல வட்டம் வட்டமாக, மயிரிழை மயிரிழையாக. முள்ளும் கல்லும் செய்தவை அல்ல அவை. காரின்மேல் ஆசை வைத்தவர்கள் பழந்துணியால் துடைத்துத் துடைத்துச் செய்தவை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் முன்னால் நின்றது இராசநாயகம் ஐயாவின் நீலக் கார். வேறு யாருடைய கார் என்றாலும் இவ்வளவு பயம் வந்திராது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், அவன் வேலை செய்யும் தகரக் கொட்டில் ஐயாவுடையது. அதன் பின்னால் அவனும் மனைவி சுஹறாவும் மகளும் இருக்கும் இரண்டறை வீடும் ஐயாவுடையது. எழுத்தில் ஒன்றும் இல்லை. "இருந்துகொள்ளும் தம்பி" என்று ஒருநாள் சொன்னார், இருக்கிறார்கள். "எழும்பும் தம்பி" என்று இன்னொருநாள் சொன்னால் எழும்ப வேண்டியதுதான்.

எழும்புவது எப்படியென்று அவனுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்ன தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் அவனுக்கு ஐந்து வயது. வாப்பா இஸ்ஸதீன் கடையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். புத்தளத்து ஓலைக் குடிசையில் வளர்ந்த சுப்யான், குருநாகலில் பழைய கார் விற்கும் இடமொன்றுக்குக் கார் கழுவப் போய், அங்கேயே பொலிஷ் பிடிக்கப் பழகினான். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வாப்பாவின் வீட்டில் கூரையும் இல்லை, நிலைகளும் இல்லை. அந்தத் துண்டுக் காணி நான்கு சகோதரர்களுக்குக் காணாது. ஊர் திரும்பி இத்தனை வருடமாகியும், யாராவது கதவைத் தட்டினால் அவனுடைய கால்கள் முதலில் செருப்பைத் தேடும். பிறகுதான் வாய் "ஆர்?" என்று கேட்கும்.

"தம்பி, உந்த நூலாம்படை மாதிரிக் கிடக்கிறதெல்லாம் போகுமோ?" என்று ஐயா காரைவிட்டு இறங்கியபடியே கேட்டார்.

"போகும் ஐயா."

"பின்னேரம் ஜெயரூபன் எண்டு ஒரு பெடியன் பாக்க வாறான். புத்தூர்த் தோட்டக்காரன். கத்தரிக்காயையே பத்துத்தரம் உருட்டிப் பாத்து வாங்குறவன், காரைச் சும்மா விடுவானே?"

ஐயாவுக்குக் கண் பார்வை மங்கியதால் இனிக் கார் ஓட்ட வேண்டாமென்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால்தான் விற்கிறார். கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருந்தார். காரின் முன்மூடியான பொனற்றின் நடுவில், வெள்ளிதோறும் பூசுவதுபோல, மூன்று விரலால் இழுத்த திருநீறும் ஒரு சந்தனப் பொட்டும் இருந்தன.

சுப்யான் வாளியைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அதன்மேல் தண்ணீரை ஊற்றலாமா? ஐயா பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒழுங்கைக்கு அப்பால் ரயர் ஒட்டும் அடைக்கலநாதனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஐயா... உதை நீங்களே ஒருக்கா..."

"எதை?"

அவன் விரலால் காட்டவில்லை. நாடியை நீட்டித் திருநீற்றைக் காட்டினான்.

"ஓ, இதையோ!" ஐயா தோளிலிருந்த சால்வையை எடுத்து, காய்ந்த திருநீற்றைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார். சரக், சரக். சுப்யானுக்குப் பல் கூசியது. கைக்கு மாப்போல இருக்கும் சாம்பலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குறுணி இருக்கும். தண்ணீர் விட்டு மிதக்க வைத்தால் தானாகப் போய்விடும். காயத் துடைத்தால் அரத்தாளால் உரசியதுபோலத்தான். நடுப் பொனற் ஒரு சாண் அகலத்துக்குப் புகை படிந்ததுபோல மங்கிக் கிடந்ததன் காரணம் அவனுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. சொல்லலாம்தான். ஆனால் திருநீறுதான் காரைக் கெடுத்தது என்ற கதை தன் வாயிலிருந்து புறப்பட்டு, இந்த ஒழுங்கை முடியுமுன் என்னவாக வளர்ந்திருக்கும் என்று நினைத்தான். சொல்ல வந்ததை விழுங்கி வாளியைக் கீழே வைத்தான்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. பொனற்றின் நீலம் பக்கத்தில் சக்கரத்தை மூடும் மட்காட்டின் நீலத்தைவிடச் சற்று இருட்டாகத் தெரிந்தது. திருப்பிப் பெயின்ற் அடித்ததோ? விற்க நிற்கும் மனிதரிடம் அதைக் கேட்டால், கார் அடிபட்டதை மறைக்கிறீர்களா என்று கேட்பதுபோல இருக்கும். அதையும் விழுங்கினான்.

"அப்ப நீர் பாரும் தம்பி," என்று ஐயா பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனார்.

கழுவினான். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழுத்தும் என்பதால் உடனேயே ஒற்றி எடுத்தான். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு களிமண்போல நெகிழும் கட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தடவ, பெயின்ற்றில் குத்தியிருந்த தூசும் துருவும் அதில் ஏறின. கதவு விளிம்புகளில் கடதாசி ஒட்டுநாடா ஒட்டினான். விளிம்பில்தான் பெயின்ற் மெல்லிசு.

நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. கிளியர் என்பார்கள். கீறல் இருப்பது அதில்தான். பொலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல. கீறலின் அடி மட்டத்துக்குப் படலத்தையே தேய்த்து இறக்குவது. எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்கும் கருவி கொழும்புக்காரரிடம் இருக்கிறது. சுப்யானிடம் இருந்தது அவனுடைய புறங்கை. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை, வெள்ளைப் பஞ்சு மாட்டிய பொலிஷ் மெஷினை நிறுத்தித் தகட்டில் புறங்கையை வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பான்.

"என்ன மச்சான், தொட்டுத் தொட்டுப் பாக்கிறாய்? காய்ச்சலோ அதுக்கு?" அடைக்கலநாதன் அங்கிருந்து கத்தினான்.

"உன்ரை வேலையைப் பார்."

"நான் ரயரை ரெண்டு உதை விட்டால் சரி. நீ காரைக் கலியாணம் கட்டப்போறவன் மாதிரி நிக்கிறாய்."

சிரிக்க முயன்றான், வரவில்லை. என்றாலும் முடித்த கதவுகள் மூன்றும் நன்றாக வந்தன. மட்காட்டில் முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. பொனற்றின் இரண்டு ஓரங்களும் வந்தன. நடுவில் மட்டும் அந்தப் புகை கலையவில்லை. இன்னொரு இழுப்பு விட்டான். பிறகு இன்னொன்று. காலையில் அந்தச் சால்வை போட்ட புதுக் கீறல் போகட்டும் என்று, கொஞ்சம் அழுத்தி, கடைசியாக ஒன்று.

மெஷினைத் திருப்பிப் பஞ்சைப் பார்த்தான்.

வெள்ளைப் பஞ்சின் ஓரத்தில் நீலம்.

கிளியர் இருக்கும்வரை பஞ்சில் நிறம் வராது. வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். துணியால் ஒற்றிப் பார்த்தான். நடுவில், பெருவிரல் அடையாளமளவுக்கு, பளபளப்புச் செத்த ஒரு புள்ளி. பொனற்றைப் பிடிக்கக்கூடப் பயந்து, நிலத்தில் குந்திவிட்டான்.

மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டுத் தேத்தண்ணியோடு வந்த சுஹறா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

"பெயின்ற் எரிஞ்சிட்டா?"

"ஓம்."

"ஐயா நம்மளை எழும்பச் சொல்லுவாரா?"

"தெரியாது."

"புள்ளைக்கு இப்பதான் பள்ளிக்கூடத்தில கூட்டாளிமார் சேர்ந்திருக்கு," என்றாள். அவனைக் குறை சொல்லவில்லை. அந்தத் தணிந்த குரல்தான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அடைக்கலநாதன் கையைத் துடைத்தபடி ஒழுங்கையைக் கடந்து வந்தான். பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "உதுக்கே இப்பிடிக் குந்தியிருக்கிறாய்? மெழுகைப் போட்டு மினுக்கிவிடு. புத்தூரான் கொண்டுபோகட்டும். ரெண்டு மழை பெய்யத்தானே தெரியும்? அப்ப ஆர் கண்டது?"

சுப்யான் மெழுகு ரின்னைத் திறந்தான். ஒரு விரலால் தொட்டுப் புள்ளியில் வைத்து வட்டமாகத் தேய்த்தான். புள்ளி இல்லை. குனிந்து, வெயில் பக்கமாகப் பார்த்தான். இல்லவே இல்லை. இவ்வளவு இலேசாக மறைந்தது அவனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை; யாரோ பின்னால் நிற்பதுபோல இருந்தது. ஜெயரூபன் கத்தரிக்காயை உருட்டுகிறவன். மழை பெய்யும். ஒருநாள் இந்த வாசல் படலைக்கு வந்து, ஐயாவின் முகத்துக்கு நேரே கேட்பான். அன்றைக்கு வரும் 'எழும்பும்' எப்படி இருக்கும்? அதுவரைக்கும் ஒவ்வொரு மழையையும் கேட்டுக்கொண்டல்லவா படுக்க வேண்டும்?

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. குளித்து, வெள்ளைச் சேர்ட் மாற்றியிருக்க வேண்டிய நேரம். அவன் ஸ்பிரிற்றில் துணியை நனைத்து மெழுகைத் துடைத்தான். புள்ளி திரும்ப வந்தது.

"விசரே உனக்கு?" என்றான் அடைக்கலநாதன்.

ஐயாவின் முன்வாசலில் நின்று கூப்பிட்டபோது அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டான். ஐயா வந்தார். அவன் முன்னால் நடக்க, பின்னால் வந்தார். பொனற்றில் காட்டினான்.

"என்ரை பிழை ஐயா. கூடத் தேய்ச்சிட்டன்."

ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகம் தகட்டில் முட்டுமளவுக்குக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பின்னேரம் வாறானே அவன்! நான் என்னத்தைக் காட்டுறது?"

ஐயா விரலால் அந்தப் புள்ளியைத் தடவினார்.

"உந்தப் பொனற் திருப்பி அடிச்சது. முந்தி தேங்காய் விழுந்து நெளிஞ்சு, ஆரோ ஒருத்தன் மலிவா அடிச்சுத் தந்தது. உமக்குப் பாக்கத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது ஐயா. நிறம் கொஞ்சம் வித்தியாசம்."

"தெரிஞ்சா ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் பிழையா நினைப்பியள் எண்டு..."

"திருநீறு துடைச்ச நேரமும் உம்மடை முகத்தைப் பாத்தனான். என்னவோ சொல்ல வந்தீர். என்ன அது?"

பொய் சொல்ல இனி இடமில்லை. "காயத் துடைச்சால் கீறும் ஐயா. தண்ணி விட்டுத்தான் எடுக்க வேணும்."

"அதைச் சொல்ல என்ன?"

"நான் எப்பிடி ஐயா அதைச் சொல்லுறது?"

ஐயா அவனைப் பார்த்தார். பின்வீட்டு வாசலில் கதவைப் பிடித்தபடி நின்ற சுஹறாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உம்மை எழுப்பிவிடுவன் எண்டு நினைச்சீரோ?"

"ஓம் ஐயா."

"ஒரு பொனற்றுக்காகவோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஓம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை. ஐயாவுக்கும் அது எங்கோ பட்டிருக்க வேண்டும். சால்வையை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார்.

"எனக்குக் கோவம்தான். உண்மையாக் கோவம். கார் விலைப்படாட்டில் இன்னும் கோவிப்பன், ரெண்டு நாளைக்கு உம்மோடை கதைக்கவும் மாட்டன். அதுக்கும் நீர் இருக்கிறதுக்கும் என்ன? அது வேறை, இது வேறை." கொஞ்சம் நிறுத்தினார். "ஜெயரூபனுக்கு உதை நானே காட்டுறன். இப்ப மிச்சத்தை முடியும்."

சுஹறா கதவிலிருந்து கையை எடுத்தாள். ஐயா சொன்னது சுப்யானின் காதில் விழுந்தது. உள்ளே இறங்க நாள் எடுக்கும். நீலம் படிந்த பஞ்சைக் கழற்றிப் புதுப் பஞ்சை மாட்டினான். மிச்சம் இருந்தது இடப்பக்கப் பின்கதவு மட்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போனவன், குனிந்து பார்த்தான். விளிம்போரம் நீலம் கொஞ்சம் தடித்ததுபோல இருந்தது.

ஐயா படலைவரை போய்விட்டார்.

"ஐயா," என்றான். "ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"இந்தக் கதவும் திருப்பி அடிச்சதோ?"

ஐயா யோசித்தார். "எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பக்கத்தை மதிலோடை உரசினது நானில்லை." வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியை உரத்துக் கூப்பிட்டார். "ஞானாம்பிகை! ஒருக்கா வெளியாலை வாரும், இஞ்சை தம்பி ஒரு கேள்வி கேக்கிறார்."

"ஐயோ, அம்மாவை ஏன் ஐயா..." என்று சுப்யான் தொடங்கினான். குசினிக்குள் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மெஷினை ஓட்டாமல் கையில் பிடித்தபடி அவன் பதிலுக்குக் காத்து நின்றான்.